லிவர் டீடாக்ஸ் மாத்திரைகள்: என் மேசையில் இருக்கும் நாலு டப்பாக்கள்

(ஒலிப்பதிவை எழுத்தாக்கி, வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கித் திருத்தியது.)

ஆரம்பத்தில் ஒரு சத்தம் கேட்டிருக்கும். அது மியூசிக் இல்லை, மாத்திரை டப்பாவைக் குலுக்கின சத்தம். என் முன்னால மேசையில் நாலு டப்பா இருக்கு, நாலும் பாதி காலி. இந்த எபிசோட் அந்த நாலு டப்பாவைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால் இரண்டு எண்களைப் பற்றியது. முதல் எண் 72. மூன்று மாசம் இந்த நாலு டப்பாவையும் ஒழுங்கா சாப்பிட்ட பிறகு வந்த இரண்டாவது எண் 214.

இரண்டும் என் எஸ்.ஜி.பி.டி. அளவு. சில லேப் ரிப்போர்ட்டில் ஏ.எல்.டி.ன்னு இருக்கும், இரண்டும் ஒன்றுதான். கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு என்சைம் அது. செல் அடிபட்டால் ரத்தத்துக்குள் கசியும். 40, 45-க்குள் இருந்தால் பரவாயில்லைன்னு பெரும்பாலான லேப்கள் போடுவாங்க. எனக்கு 72. கல்லீரலுக்கு நல்லதுன்னு நினைச்சு மாத்திரை சாப்பிட்டேன், அது மூணு மடங்கு ஆயிடுச்சு.

வழக்கமான எச்சரிக்கை: நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் இன்ஜினியர். நான் படிச்சது, எனக்கு நடந்தது, இரண்டையும்தான் சொல்றேன். உங்க மருந்தை என் பேச்சைக் கேட்டு ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

கதை ரொம்ப சாதாரணமானது. ஆபீஸில் வருஷாந்திர ஹெல்த் செக்கப். ஸ்கேன் பார்த்தவர் ஜெல்லைத் துடைக்க டிஷ்யூ கொடுத்துக்கிட்டே, "ஃபேட்டி லிவர் கிரேடு ஒன்னு, குடிப்பீங்களா?"ன்னு கேட்டார். நான் குடிக்கறதே இல்லை. ஆனால் ஏழு வருஷமா நாற்காலியில் உட்கார்ந்திருக்கேன், எடை 84 கிலோ, ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா. ரிப்போர்ட்டின் அடியில் "எடையைக் குறைக்கவும்"னு ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைத் தாண்டி இன்டர்நெட்டில் எல்லாத்தையும் படிச்சேன். டீமில் ஒருத்தர், "மச்சி, டீடாக்ஸ் பண்ணு, ஆன்டிஆக்ஸிடன்ட் எடு"ன்னார். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். எதில் எத்தனை மில்லிகிராம், ஒரு மாத்திரைக்கு எவ்வளவு ரூபாய், எத்தனை ஸ்டார். அதை வெச்சு நாலு தேர்வு செய்தேன். தண்ணியில் போட்டால் பொங்குற குளூட்டாதயோன், என்.ஏ.சி. 600 மி.கி., மில்க் திஸில் செடியிலிருந்து எடுக்கும் சிலிமாரின் 140 மி.கி., அப்புறம் "டீடாக்ஸ்"னு பெரிய எழுத்தில் போட்ட ஒரு கலவை கேப்சூல். மாசத்துக்கு 3,600 ரூபாய். அந்த ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு காலம் மட்டும் இல்லை: "இது எந்த நோய்க்கு, யாருக்கு வேலை செய்தது?"

இன்னைக்கு அந்தக் காலத்தை நிரப்புவோம்.

முதல்ல அந்த 'டீடாக்ஸ்' என்ற சொல். 2009-இல் பிரிட்டனில் சென்ஸ் அபவுட் சயின்ஸ் என்ற அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள், கடையில் டீடாக்ஸ்னு விற்ற 15 பொருட்களை எடுத்து, தயாரிப்பாளர்களிடம் 'டீடாக்ஸ்னா என்ன'ன்னு கேட்டாங்க. எந்த இரண்டு கம்பெனியும் ஒரே விளக்கம் சொல்லலை. எந்த நச்சு, எவ்வளவு குறையும், எதை வெச்சு அளப்பீங்க? இந்த மூணு கேள்விக்கும் பதில் இல்லாத சொல் அது. நம்ம பாஷையில், அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா இல்லாத டிக்கெட்.

ஆனால் கல்லீரல் நச்சை நீக்குது என்பது உண்மை. அது எப்படி நடக்குதுன்னு ஒரு உதாரணத்தோட பார்த்துட்டால், இந்த டப்பாக்களை எடை போடறது சுலபம். எல்லா வீட்டிலும் இருக்கிற பாரசிட்டமாலை எடுத்துக்கலாம்.

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை போடறீங்க. அதில் பெரும்பகுதியை கல்லீரல் வேறு மூலக்கூறுகளோடு ஒட்டி, தண்ணீரில் கரையும்படி மாற்றி, சிறுநீருக்கு அனுப்பிடும். ஒரு சின்னப் பகுதி மட்டும் வேற வழியில் போய், நாப்க்வி என்ற விஷமான பொருளாக மாறும். கவனிங்க, விஷம் வெளியிலிருந்து வரலை. கல்லீரலே தன் வேலையின் நடுவில் அதை உண்டாக்குது. உண்டான உடனே குளூட்டாதயோன் அதைப் பிடித்துக் கட்டிப்போட்டுடும். சாதாரண அளவில் மாத்திரை போட்டால் பிரச்சினையே இல்லை. அளவுக்கு மீறிப் போகும்போது குளூட்டாதயோன் கையிருப்பு கரையும். அமெரிக்காவில் 1973-இல் வெளியான சுண்டெலி ஆய்வுகள் காட்டியது என்னன்னா, கையிருப்பில் சுமார் 70 சதவீதம் தீர்ந்த பிறகுதான் நாப்க்வி கல்லீரல் செல்லின் புரதங்களில் போய் ஒட்ட ஆரம்பிக்குது. அதுவரை செல்லுக்கு ஒன்றும் ஆகாது.

சர்வர் பார்த்துக்கிற வேலையில் இருப்பவங்களுக்கு இது பழகின விஷயம். கனெக்‌ஷன் பூலில் நூறு இருக்கு, பத்துதான் பயன்பாட்டில் இருக்குன்னா, பூலை இருநூறாக்கினால் ஆப் வேகமா ஓடாது. பூல் தீர்ந்துபோன நேரத்தில் மட்டும்தான் அந்த எண் முக்கியம்.

இப்ப இரண்டாவது டப்பாவுக்கு வருவோம். என்.ஏ.சி., முழுப்பேர் என்-அசிட்டைல் சிஸ்டைன். திறந்தாலே அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். பயப்பட வேண்டாம், அது அதிலுள்ள கந்தகத்தின் வாசனை. குளூட்டாதயோனைச் செய்ய மூன்று அமினோ அமிலங்கள் வேணும்: குளூட்டமேட், சிஸ்டைன், கிளைசின். மூணில் வழக்கமா தட்டுப்பாடு வர்றது சிஸ்டைனுக்குத்தான். என்.ஏ.சி. அந்த சிஸ்டைனைக் கொண்டுவந்து தருது. 1960-களில் இது சளியை இளக்கும் மருந்தாகத்தான் வந்தது. 1970-களில் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் குழு, பாரசிட்டமால் அளவு மீறிப் போனவங்களுக்கு இதை நரம்பு வழியா கொடுத்துப் பார்த்தது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கல்லீரல் தப்பியது. 1988-இல் அமெரிக்காவில் 2,540 பேரிடம் வாய்வழி மருந்தாகக் கொடுத்த முடிவும் அதே திசையில்தான் வந்தது. இன்னைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் விஷமுறிவு மருந்தாக இருக்கு. பாரசிட்டமால் அல்லாத காரணத்தால் திடீர்னு கல்லீரல் செயலிழந்த 173 பேரிடம் நடந்த சோதனை 2009-இல் வந்தது. அதில் மாற்று அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைச்சவங்க என்.ஏ.சி. கொடுத்தவர்களில் 40 சதவீதம், கொடுக்காதவர்களில் 27.

அதாவது இது உயிரைக் காப்பாற்றும் மருந்து. சந்தேகமே இல்லை. இந்தப் பெருமையை அப்படியே எடுத்து டப்பா மேல ஒட்டிடறாங்க. நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் அந்த நோயாளிகளுக்குப் பூல் காலி. எனக்கு? நான் சாப்பாட்டில் முட்டை, பருப்பு, கோழி எல்லாம் சாப்பிடற ஆள். என் பிரச்சினை கல்லீரல் செல்லுக்குள் கொழுப்பு தேங்கினது. என்.ஏ.சி. சாப்பிட்டால் ஃபேட்டி லிவர் சரியாகும்னு காட்டின பெரிய சோதனை எதையும் நான் பார்க்கலை.

இங்க ஒரு விஷயம், இதை மட்டும் சீரியஸா கேளுங்க. சளி மாத்திரை ஒன்று, காய்ச்சல் மாத்திரை ஒன்று, உடம்பு வலிக்கு இன்னொன்று. மூணிலும் பாரசிட்டமால் இருக்கலாம். பின்பக்கம் திருப்பிப் படிங்க. யாராவது தெரிஞ்சோ தெரியாமலோ அளவு மீறி எடுத்துட்டால், வீட்டில் என்.ஏ.சி. டப்பா இருக்குன்னு சமாளிக்கப் பார்க்காதீங்க. முதல் நாள் ஆள் நல்லாத்தான் இருப்பார், அதுதான் ஏமாற்றும். உடனே ஆஸ்பத்திரி. அந்த எட்டு மணி நேரம்தான் கணக்கு.

சரி, சிஸ்டைனைச் சுற்றி வளைச்சுக் கொடுக்கறதுக்கு பதிலா, குளூட்டாதயோனையே குடிச்சிட்டால்? இதுதான் முதல் டப்பா, ஆரஞ்சு சுவை. சிக்கல் என்னன்னா, அது சின்னதா இருந்தாலும் ஒரு புரதத் துண்டு. குடல் அதைப் பெரும்பாலும் உடைச்சிடும். ஒரு சின்ன சோதனையில், சுமார் ஐம்பது பேர் தினமும் எடுத்து, ஆறு மாசத்தில் ரத்தத்தில் அளவு ஏறினது உண்டு. அதனால் 'துளிக்கூட உறிஞ்சாது'ன்னு சொல்ல மாட்டேன். ஆனால் ரத்தத்தில் ஏறுவது ஒரு விஷயம், நோய் குறைவது வேற விஷயம். நம்ம ஊரில் இதை லிவருக்காக வாங்கறவங்களைவிட நிறம் வெளுக்கணும்னு வாங்கறவங்க அதிகம்னு மெடிக்கல் ஷாப்காரரே சொன்னார். ஊசியாகவும் போட்டுக்கறாங்க. பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த வெளுப்பு ஊசியைப் பற்றி 2011-லேயே எச்சரிச்சது. அதுக்கு மேல இந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆரஞ்சு சுவை நல்லா இருந்தது.

மூணாவது, சிலிமாரின். இதுக்கு சுவாரசியமான கதை இருக்கு. மத்திய தரைக்கடல் பக்கத்து முள்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுப்பது. ஐரோப்பாவில் டெத் கேப்னு ஒரு விஷக்காளான் உண்டு. பார்க்க சாப்பிடற காளான் மாதிரியே இருக்கும். அதன் விஷம் கல்லீரல் செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட கதவு வழியாத்தான் நுழையும். சிலிமாரினின் முக்கியப் பகுதியான சிலிபினின் அந்தக் கதவை அடைக்கும். ஜெர்மனியில் இதை நரம்பு ஊசியாகவே தயாரிச்சு, காளான் விஷத்துக்குப் பல வருஷமா கொடுக்கறாங்க. காளான் விஷம் ஏறினவங்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிச்சு, பாதிப் பேருக்கு மட்டும் மருந்து கொடுக்க முடியாது இல்லையா, அதனால் ஆதாரம் நோயாளிகளின் அனுபவத் தொகுப்புகள்தான். இருந்தாலும் எப்படி வேலை செய்யுதுன்னு தெளிவா இருக்கு.

காளான் சாப்பிடாதவங்களுக்கு? 2012-இல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேருக்கு, கடையில் சொல்ற அளவைவிட அதிகமாகவே, 420 அல்லது 700 மி.கி. தினம் மூணு வேளை கொடுத்தாங்க. 24 வாரம் கழிச்சு எஸ்.ஜி.பி.டி. குறைஞ்சதில் வெற்று மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்கு நெருக்கமான கேள்வி ஃபேட்டி லிவர். அதில் 2017-இல் கோலாலம்பூர் மலாயா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சோதனை வந்தது. 99 பேர், எல்லோருக்கும் கல்லீரல் திசு எடுத்துப் பார்த்து உறுதி செய்தது, 48 வாரம். அவங்க முன்கூட்டியே தீர்மானிச்ச அளவுகோலில் சிலிமாரின் எடுத்தவர்களில் 32.7 சதவீதம் தேறினாங்க, வெற்று மாத்திரையில் 26. அந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் தோல்விதான். ஆனால் கல்லீரல் தழும்பு குறைஞ்சது 22.4 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரையில் 6 சதவீதம் பேருக்கு மட்டும். ஆராய்ச்சியாளர்களே 'இன்னும் பெரிய சோதனை வேணும்'னு எழுதினாங்க. நாலு டப்பாவில் நான் மரியாதையோட பார்க்கிறது இதைத்தான். என்கிட்ட இருந்தது 140, அவங்க கொடுத்தது 700, அதுவும் மூணு வேளை. அதையும் சேர்த்தே சொல்லணும்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லியாகணும். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டதும் அம்மா போனில், "கீழாநெல்லியை வேரோட அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடிடா, ஒரு வாரத்துல சரியாயிடும்"னாங்க. நான் ரொம்ப அறிவாளி மாதிரி, "அம்மா, அதுக்கெல்லாம் ஆதாரம் இல்லம்மா"ன்னேன். அந்த நிமிஷம் என் கையில் டீடாக்ஸ் கேப்சூல்.

உண்மையில் கீழாநெல்லிக்கு ஆதாரம் தேடின வரலாறு என் நாலு டப்பாவைவிடக் கௌரவமானது. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கண்டுபிடிச்சதுக்கு நோபல் பரிசு வாங்கின பிளம்பர்க்கோட சேர்ந்து, லான்செட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமக்கிறவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லி. எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைஞ்சது, வெற்று மாத்திரையில் 23 பேரில் ஒருத்தருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்து முதலான இடங்களில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்ப வரலை. ஒரு மெஷினில் ஓடி இன்னொரு மெஷினில் ஓடாத கோடு மாதிரி. ஆனால் அவங்க கேள்வியைச் சரியா கேட்டாங்க: எந்த நோய், எந்த அளவுகோல், எத்தனை நாள். என் டீடாக்ஸ் டப்பாவில் அது எதுவும் இல்லை. (மஞ்சள் காமாலை ஒரு நோய் இல்லை, பல நோய்களின் அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ மாதிரி சிலது பெரும்பாலும் தானாகவே சரியாகும். கடைசியா குடிச்ச மருந்துக்குப் பேர் போயிடும்.)

அந்த நாலாவது டப்பாவுக்குப் போறதுக்கு முன்னால், ஆன்டிஆக்ஸிடன்ட்னா நல்லது என்ற எண்ணத்தையே ஒரு நிமிஷம் பார்க்கணும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு சோதனை, 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும்னு எதிர்பார்த்தாங்க. எடுத்துக்கிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமா வந்தது. வைட்டமின் ஈ-யை எடுங்க, இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 2010-இல் வந்த ஒரு சோதனையில், சர்க்கரை நோய் இல்லாத, ஃபேட்டி லிவரில் வீக்கம் வரை போன 247 பேரை எடுத்து, ஒரு பிரிவுக்குத் தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ, 96 வாரம். 43 சதவீதம் பேருக்குத் திசு தேறியது, வெற்று மாத்திரையில் 19. அப்படின்னா ஃபேட்டி லிவருக்கு உருப்படியான ஆதாரம் இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் பழைய வைட்டமின் ஈ தான், அது என் டப்பாக்களில் இல்லவே இல்லை! அதையும் ஓடிப்போய் வாங்கிடாதீங்க. பின்னாடி வந்த இன்னொரு பெரிய சோதனையில் தினம் 400 யூனிட் எடுத்த ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். அதனால்தான் டாக்டர்கள் திசு பரிசோதனையில் உறுதியானவங்களுக்கு மட்டும், லாபம் நஷ்டம் பேசிட்டுத் தர்றாங்க. 2014-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழு சுண்டெலிகளில் பார்த்தது, ஏற்கெனவே இருக்கிற நுரையீரல் கட்டி என்.ஏ.சி.யாலும் வைட்டமின் ஈ-யாலும் வேகமா வளர்ந்தது. நம்ம செல்லைப் பாதுகாக்கறது கட்டியின் செல்லையும் பாதுகாக்கும் போல. எலிகளில் பார்த்ததுதான், மனுஷனுக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்லலை.

இப்ப நாலாவது டப்பா.

மூணு மாசம் கழிச்சு, இதெல்லாம் வேலை செய்யுதான்னு பார்க்கத்தான் ரத்தம் கொடுத்தேன். 214 வந்தது. எனக்கு உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லை, கொஞ்சம் சோர்வு, அது ரிலீஸ் வாரம்னு நினைச்சேன். கல்லீரல் டாக்டரைப் பார்த்தேன், ஐம்பது வயசு இருக்கும் அம்மா. "என்ன மருந்து சாப்பிடறீங்க?"ன்னு கேட்டாங்க. நான், "ஒன்னும் இல்லை டாக்டர்"னு சொன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லலை. அது மருந்துன்னே என் மனசில் பதியலை. அவங்க பேனாவை வெச்சிட்டு, "மருந்துன்னு யோசிக்காதீங்க. பவுடர், கேப்சூல், கஷாயம், ஜிம்ல குடுத்தது, ஆன்லைன்ல வாங்கினது?"ன்னு ஒவ்வொன்னா கேட்டாங்க. அப்புறம்தான் வாய் திறந்தேன். நாலு டப்பாவையும் கொண்டுவரச் சொன்னாங்க. முதல் மூணையும் ஓரமா வெச்சிட்டு நாலாவதோட பின்பக்கத்தைத்தான் ரொம்ப நேரம் படிச்சாங்க.

அதில் இருந்தது: குர்குமின் சாறு, அதோட மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரின், கிரீன் டீ சாறு 500 மி.கி., இன்னும் ஐந்தாறு மூலிகை. எல்லாமே நம்ம சமையலறைப் பொருள்தானேன்னு நான் நினைச்சிருந்தேன். அவங்க ஒவ்வொன்னா விளக்கினாங்க. அப்புறம் நானும் படிச்சேன்.

குழம்பில் போடற மஞ்சளில் குர்குமின் சுமார் மூணு சதவீதம்தான், அதிலும் குடல் உள்ளே எடுத்துக்கறது ரொம்பக் குறைவு. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோட 20 மி.கி. பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் 2,000 சதவீதம் அதிகமா சேருதுன்னு காட்டினாங்க. இந்த 2,000 சதவீதத்தை எல்லா டப்பாவிலும் பெருமையா போடுவாங்க. அது எப்படி நடக்குதுன்னு போட மாட்டாங்க. பாரசிட்டமால் கதையில் சொன்னேனே, வேறு மூலக்கூறோட ஒட்டி வெளியே அனுப்பும் வேலை, பைப்பரின் அந்த வேலையில் ஒரு பகுதியைத் தடுக்குது. கல்லீரலும் குடலும் வெளியேற்ற முடியாததால்தான் குர்குமின் ரத்தத்தில் தங்குது. அதாவது டீடாக்ஸ்னு பேர் வெச்ச மாத்திரைக்குள்ளே, கல்லீரலின் உண்மையான டீடாக்ஸை மட்டுப்படுத்தும் பொருள் ஒன்று இருக்கு. இதைப் படிச்ச அன்னைக்கு நான் தனியா உட்கார்ந்து சிரிச்சேன்.

2019-இல் இத்தாலியில் குர்குமின் சப்ளிமென்ட் எடுத்த பலருக்கு கல்லீரல் அழற்சி வந்து அரசு எச்சரிச்சது. அமெரிக்காவில் மருந்தால் கல்லீரல் பாதிக்கப்படுறவங்களைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஆய்வு வலையமைப்பு ஒன்று உண்டு. அது மஞ்சள் சப்ளிமென்ட் தொடர்பா 10 பேரைப் பதிவு செய்தது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க, ஒருத்தர் இறந்துட்டார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே வகை மரபணு அடையாளம் இருந்தது. அதனால் சாப்பிடற எல்லோருக்கும் இது வராது, சிலருக்குத்தான் வரும். அந்தச் சிலரில் நாம இருக்கோமான்னு டப்பாவைத் திறக்கும்போது தெரியாது. கிரீன் டீயும் இதே மாதிரி. கோப்பையில் குடிச்சால் பொதுவா பிரச்சினை இல்லை. சாறா செறிவாக்கி மாத்திரையாக்கினால், அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் தினம் 800 மி.கி. தாண்டும்போது கல்லீரல் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. என் டப்பாவில் அதோட அளவே எழுதலை. கொரோனா காலத்தில் சீந்தில் கொடி குடிச்சு மும்பையில் ஆறு பேருக்கு கல்லீரல் பாதிப்புன்னு 2021-இல் டாக்டர்கள் எழுதினாங்க, அடுத்த வருஷம் 13 மையங்களிலிருந்து 43 பேர். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏத்துக்கலை. சண்டை இன்னும் ஓடுது.

டப்பா பின்னால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் எண் இருக்கு. எனக்கு அது பெரிய நம்பிக்கை கொடுத்தது. அது உணவு வியாபாரம் செய்யறவருக்குக் கொடுக்கும் உரிமம். பிஸ்கட் பாக்கெட்டிலும் அதே மாதிரி எண்தான் இருக்கும். மாத்திரை வேலை செய்யும்னு யாரும் சோதிச்சதா அர்த்தம் இல்லை. பக்கத்திலேயே இன்னொரு வரி, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'ன்னு. சட்டப்படி போட்டே ஆகணும். மூணு மாசம் தினம் கையில் எடுத்த டப்பா, அந்த வரியை டாக்டர் விரல் வெச்சுக் காட்டினபோதுதான் பார்த்தேன்.

ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ எல்லாம் பார்த்தாங்க, இல்லை. உடம்பே தன் கல்லீரலைத் தாக்கும் நோயான்னு பார்த்தாங்க, அதுவும் இல்லை. நாலையும் நிறுத்தச் சொன்னாங்க. நாலு வாரத்தில் 96. பத்து வாரத்தில் 61. ரோல்பேக் பண்ணினதும் எர்ரர் ரேட் இறங்கின மாதிரி. இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? "டாக்டர், ஒவ்வொன்னா திரும்பச் சேர்த்துப் பார்த்தால் எதுன்னு கண்டுபிடிச்சிடலாமே"ன்னு கேட்டேன். "இது உங்க லேப்டாப் இல்ல தம்பி"ன்னாங்க. ஒருமுறை பாதிச்ச பொருளைத் திரும்பக் கொடுத்தால் இரண்டாவது முறை இன்னும் வேகமா, மோசமா வரலாமாம். அதனால் நாலாவது டப்பாதான் காரணம்னு என்னால் நிரூபிக்க முடியாது. நாலையும் ஒரே நாளில் ஆரம்பிச்சு ஒரே நாளில் நிறுத்தினவன் நான். டாக்டரோட சந்தேகம் அதன் மேல்தான், என்னோடதும்.

214-ஐ அம்மாகிட்ட சொல்லாமல் இரண்டு வாரம் மறைச்சேன். அப்புறம் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "நான் குடுத்தா ஆதாரம் கேட்டியே, அந்த டப்பாக்காரன்கிட்ட கேட்டியாடா?"ன்னாங்க. பதில் இல்லை. இந்த எபிசோடே அந்தக் கேள்வியால்தான் வந்தது.

61-லிருந்து கீழே இறக்கினது எதுன்னு கேட்பீங்க. செக்கப் ரிப்போர்ட்டின் அடியில் இருந்த அந்த ஒரு வரிதான். 2015-இல் கியூபாவிலிருந்து வந்த ஆய்வு: கல்லீரல் வீக்கம் வரை போன 293 பேர், ஒரு வருஷம், சாப்பாடும் நடையும் மட்டும். உடல் எடையில் 10 சதவீதமோ அதுக்கு மேலோ குறைச்சவங்களில் 90 சதவீதம் பேருக்கு அந்த வீக்கம் போயிடுச்சு. என் நாலு டப்பாவில் எதுக்கும் இந்த மாதிரி ஒரு எண் கிடையாது. ஆனால் இன்னொரு எண்ணையும் நேர்மையா சொல்லணும். அவ்வளவு எடை குறைச்சவங்க 293-இல் 29 பேர்தான். மாத்திரை ஏன் விற்குதுன்னு அந்த 29 சொல்லிடும். எனக்கு எட்டு மாசம் ஆச்சு. 84-லிருந்து 77. பரோட்டா சனிக்கிழமை மட்டும். கடைசி ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. 38, ஸ்கேனில் இன்னும் லேசா கொழுப்பு இருக்குன்னுதான் போட்டிருக்கு.

ரெக்கார்டிங்குக்கு முன்னால் இந்தத் தலைப்பைச் சொன்னபோது ஒரு நண்பர் கேட்டார், "அப்போ எனக்கு டாக்டரே சிலிமாரின் எழுதிக் குடுத்திருக்காரே, நிறுத்தவா?" வேண்டாம். உங்க ரிப்போர்ட்டைப் பார்த்தவர் அவர். 'எனக்கு இது எதுக்காக, எத்தனை நாள், எப்ப திரும்பிப் பார்க்கணும்'னு அவர்கிட்டயே கேளுங்க. நீங்களா வாங்கிச் சாப்பிடறது ஏதாவது இருந்தால் அதையும் அவர்கிட்ட சொல்லுங்க, டப்பாவை போட்டோ எடுத்துக் காட்டினாலும் போதும்.

அடுத்த எபிசோடில் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டைத் திரும்ப எடுக்கிறேன். ஆன்லைன் கடையில் இந்த டப்பாக்களுக்கு நாலரை ஸ்டார் எப்படி வருதுன்னு ரிவ்யூக்களைத் தோண்டிப் பார்க்கலாம்னு இருக்கேன்.